குறிப்புகள் என்னும் நிரல்

டாங்காவில் ஏற்றிய துவரை.
நாலாயிரத்து இருநூறு மூட்டை, இரண்டாம் கிடங்கு.
உள்துறைமுகத்தில் காலை எட்டு மணிக்கே
இரும்பு ஏணி கையைச் சுட்டது.
நான் தேடி இறங்கியது வண்டு.
பயறுவண்டு ஒன்று கண்டாலும் மூன்று நாள் புகை,
மூடிக் கட்டு, சிவப்பு அட்டை தொங்கவிடு.
சட்டம் அவ்வளவுதான்.

ஒரு மூட்டையின் தையலில்
கடுகு ஒன்று திரும்பிப் பார்த்தது.

கடுகு திரும்பாது என்பதால்
உருப்பெருக்கியை எடுத்தேன்.
இரண்டு மில்லிமீற்றர். அதற்குள் எட்டுக் கண்,
முன்னால் இருந்த இரண்டும்
பழைய லொறியின் விளக்குப் போல
முகத்தைவிடப் பெரிசு.
நெற்றியில் செங்கல் நிறக் கோடு,
ஆரோ அவசரத்தில் இழுத்துவிட்ட மாதிரி.
நான் வலப்பக்கம் சாய்ந்தேன்.
அதுவும் சாய்ந்தது.
பதினொரு வருடச் சேவையில்
நான் பரிசோதித்த எதுவும்
என்னைப் பரிசோதித்ததில்லை.

இரண்டாம் மாலுமி ஜுமா குனிந்து பார்த்து
"பூயிபூயி" என்றான்.
அவன் ஊரில் சிலந்திக்கும்
பெண்கள் போர்த்தும் கறுப்பு அங்கிக்கும்
ஒரே பேராம்.
"பேருக்கு வரி இல்லதானே மிஸ், எழுதுங்க"
என்றார் கிண்ணியா ஹில்மி,
பாரந்தூக்கிக்குக் கை காட்டியபடி.

படிவத்தைத் திறந்தேன்.
பீடையின் பெயர். இது பீடையில்லை.
பிறந்த நாடு. அதற்கே தெரியுமோ என்னவோ.
உயிருள்ளதா, இறந்ததா.
'உயி' என்று எழுதிய இடத்தில்
பேனை நின்றது:
மூட்டையிலிருந்து என் சட்டைக் கைக்கு
நான்கு விரற்கடை,
அதன் உடம்புக்கு அது ஒரு குடாக்கடல்.

தசையை நம்பி இல்லை,
காலுக்குள் இரத்தத்தை அமுக்கித்தான் பாயுமாம்,
எங்கோ படித்திருக்கிறேன்.
பாயும் முன் ஒரு நூலை ஒட்டிவிட்டே பாயும்.
அந்த நூல் வெயிலில் ஒரு கணம் தெரிந்தது,
ஒரு முனை டாங்காச் சாக்கில்
மறுமுனை என் முழங்கையில்.
ஹில்மி கூப்பிட்டார். திரும்பினேன்.
பிறகு அதைக் காணவில்லை.

வண்டும் இருந்தது. ஏழு.
பின்னேரம் தார்ப்பாய் இழுத்துக் கட்டிப் புகை விட்டோம்.
எழுபத்திரண்டு மணித்தியாலம்.
மற்றத் தையல்களில் எத்தனை கடுகு
திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதற்கு
நிரல் இல்லை.

டைக் வீதியில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது
ஸ்கூட்டரின் வலது கண்ணாடியில் அது நின்றது.
தன்னைப் பார்த்தபடி
முன்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி
இடப்பக்கம் மூன்று எட்டு, வலப்பக்கம் மூன்று எட்டு,
வாயோரத்துச் சிறுகைகள் துடிக்கத் துடிக்க
ஆடியது.
ஆண்.
எதிரி என்று ஆடியதா
துணை என்று ஆடியதா,
நான் கேட்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

நசுக்க வேண்டும்.
புதிதாய் வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன்:
ஒன்று போதும் பிள்ளைகள், ஒரு தீவைத் தின்ன.
ஓர் ஆணால் இனம் பெருகாது என்று
எனக்கு நானே வாதாடினேன்,
அதே வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து.
தெருமுனையில் புள்ளிமான் ஒன்று
குப்பை வாளிக்குள் தலை விட்டு
வாடிய மாலையை இழுத்துத் தின்றது.
அதனிடம் யாரும் படிவம் கேட்பதில்லை.

அன்றிரவு குறிப்புகள் நிரலில்
பச்சை மையால் எழுதினேன்:
சிலந்தி, 1. அழிக்கப்பட்டது.
எழுதும்போது அது
கவிழ்த்த கிளாஸுக்குள் இருந்து
பேனையின் நுனியைத்
தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பழ ஈ கொடுத்தேன். தின்றது.
பஞ்சு நனைத்து வைத்தேன்.
விடியப்புறம் கோணேசர் மணி கேட்கும்போது
நானும் அதுவும் மட்டும் விழித்திருந்தோம்.
ஒரு கைக்கண்ணாடி வைக்கலாமா என்று
இரண்டு முறை யோசித்து
இரண்டு முறையும் விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள்
அறிக்கை உண்மையானது.

கிளாஸை இன்னும் கழுவவில்லை.
வெளிச்சத்தில் பிடித்தால்
உட்பக்கம் முழுக்க நூல்,
ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்று.
எண்ணத் தொடங்கினேன்.
கந்தோரில் இருந்து போன் வந்தது:
சீனக்குடாவில் இன்னொரு கப்பல்.